அண்ணனின் உள்ளங்கால்

கல்யாண வீட்டுக்குப் போய் நான் நிம்மதியாகச் சாப்பிட்டதே கிடையாது. இலையில் உப்பு வைத்து முடிப்பதற்குள் யாராவது பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிடுவார்கள். "டாக்டரம்மா, இது இன்னான்னு பாருங்களேன், ஒரு மாசமா அரிக்குது." ஒரு கையில் வடை, இன்னொரு கையில் அவர்கள் முழங்கை. கண் டாக்டரிடம் பந்தியில் யாரும் இமையைத் தூக்கிக் காட்டுவதில்லை. பல் டாக்டரிடம் வாயைத் திறப்பதில்லை. தோல் டாக்டர் என்றால் மட்டும் ஊருக்கே உரிமை. தோல் வெளியில் இருப்பதால் அதைக் காட்ட நேரம் காலம் வேண்டாம் என்று நினைக்கிறார்கள்.

அதைவிட மோசம், காட்டாதவர்களையும் நான் பார்த்துவிடுவது. காலாப்பட்டு பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் பிடரி, பெரிய மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் அம்மாவின் விரலிடுக்கு, பீச் ரோட்டில் காலையில் நடப்பவர்களின் கெண்டைக்கால். நான் வேண்டாம் என்றாலும் கண் போய் நின்றுவிடும். தேமல், படை, மங்கு, மரு, பாலுண்ணி, சேற்றுப்புண், கால் ஆணி. பெரும்பாலும் பயமில்லாதவை. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று மனசு சொல்லிக்கொண்டே போகும். எப்போதாவது ஒரு தடவை அப்படிச் சொல்லாமல் நின்றுவிடும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் படிப்பின் முதல் பாடமே பெயர் சொல்லாமல் இருப்பதுதான். 'படை' என்று சொல்லிவிட்டால் கண் அதோடு பார்ப்பதை நிறுத்திவிடும். அதனால் முதலில் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். எங்கே இருக்கிறது. எவ்வளவு பெரிது. தட்டையா, மேடா. கண்ணுக்கு மட்டும் தெரிகிறதா, விரலுக்கும் தெரிகிறதா. உள்ளே நீரா, சீழா, அல்லது ஒன்றும் இல்லாத கெட்டியா. ஓரம் கோடு கிழித்ததுபோல் நிற்கிறதா, பக்கத்துத் தோலில் கரைந்து போகிறதா. நிறம் ஒன்றா, பலவா. இத்தனையும் சொன்ன பிறகு பெயர் தானாக வரும். வராவிட்டால் பேசாமல் காத்திருக்க வேண்டும். இந்தப் பாடத்தை நான் ஆங்கிலத்தில் படித்தேன், ஆனால் என்னிடம் வருகிறவர்கள் அதைத் தமிழில் எப்போதோ கற்றவர்கள்போலப் பேசுவார்கள். தடிச்சிருக்குது, பொரிப்பொரியா கெளம்பியிருக்குது, உள்ளுக்குள்ள உருளுது, உளுந்து கணக்கா இருந்துச்சி இப்ப பட்டாணி ஆயிடுச்சி. பாதி நோய் அந்தப் பேச்சிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

மச்சம் என்ற ஒன்றில்தான் எனக்கும் ஊருக்கும் ஒத்துவராது. சின்னக் கொப்புளத்துக்கு ஓடிவருகிறவர்கள் மச்சத்துக்கு வருவதே இல்லை. நம்மவர்களுக்கு அது தோல் சமாசாரம் அல்ல, ஜாதகச் சமாசாரம். உதட்டில் இருந்தால் பேச்சு, கழுத்தில் இருந்தால் நகை. நல்லது நடந்தவனைப் பார்த்து "உனக்கு எங்கடா மச்சம்?" என்று கேட்பார்கள். சின்ன வயசிலிருந்து இருந்த இடத்தில் அப்படியே கிடக்கும் மச்சமாக இருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். வயசான பிறகு புதிதாக முளைத்து, முளைத்த இடத்தில் நிற்காமல் பரவும் மச்சத்தை மட்டும் நான் லேசில் விடமாட்டேன். உள்ளங்காலில் இருந்தால் என்ன பலன் என்பது மட்டும் எனக்கு நெடுநாள் தெரியாது. அண்ணன் மகள் கல்யாணத்தில் தெரிந்துகொண்டேன்.

அண்ணன் பெரிய மார்க்கெட்டில் வாழை இலைக் கடை வைத்திருக்கிறார். அப்பா வேலை பார்த்த மில் மூடியபோது அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டார், நான் விடவில்லை. கொஞ்ச காலம் பாகூர் பக்கம் மாமாவின் கரும்பு நிலத்தில் இருந்தார். பிறகு இலைக்கடைக்கு வந்தார். விடிகாலையில் கட்டுக்கட்டாக இலை வந்து இறங்கும். அவற்றைப் பிரித்து, கிழிசல் பார்த்து, தலைவாழை தனி, நுனியில்லாத ஏடு தனி என்று நறுக்கி அடுக்குவார். வாழைக்கறை லேசுப்பட்டதல்ல. படும்போது தண்ணீர் மாதிரி இருக்கும், காய்ந்தால் கறுத்துவிடும், சோப்புக்கும் போகாது. அண்ணன் கைகளை நான் கறை இல்லாமல் பார்த்ததில்லை. கால்களும் அப்படித்தான். கல்லாப்பெட்டி இருக்கும் இடத்தில் செருப்புக் கால் படக்கூடாது என்பது அவர் கட்டுப்பாடு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஈரத்திலும் இலை நரம்பிலும் வெறுங்காலோடு நாள் முழுக்க நிற்பார்.

மகளுக்குப் பிரான்ஸ் மாப்பிள்ளை அமைந்தது எங்கள் வீட்டில் யாரும் எதிர்பார்க்காதது. மாப்பிள்ளை வீட்டார் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள். மாப்பிள்ளையின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு இன்றும் ஒரு மரியாதை உண்டு. பையன் பாரிஸ் பக்கத்தில் வேலையில் இருந்தான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து இலைக்கடைக்காரர் வீட்டுப் பெண்ணைத் தேடி வந்து ஜாதகம் கேட்டார்கள் என்றால் அண்ணனுக்குத் தரையில் கால் பாவுமா?

முத்தியால்பேட்டை மண்டபத்தில் கல்யாணம். தாலி கட்டுவதற்கு முன்னால் பாதபூஜை. பெற்றவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, காலைத் தாம்பாளத்தில் வைக்கச் சொல்லி, பெண் பாலும் தண்ணீரும் விட்டுக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். நான் அத்தை முறைக்குச் செம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குனிந்திருந்தேன். பெண் அண்ணனின் வலது காலைத் தூக்கிக் குதிகாலைக் கழுவினாள். பால் வழிந்து போனது. அடியில் கறுப்பாக ஒன்று வழியாமல் நின்றது.

"இன்னாப்பா இது, கல்யாணத்தன்னைக்குமா கறையோட வருவ?" என்று அவள் கட்டை விரலால் தேய்த்தாள். போகவில்லை. இன்னும் கொஞ்சம் பால் விட்டுத் தேய்த்தாள்.

"ஏய், அது கறை இல்லடி, மச்சம். தேய்ச்சா போவுமா?" என்று அண்ணி சிரித்தார்.

"உள்ளங்கால்லயா?" மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்தார். "அட, அது கடல் தாண்டுற யோகமாச்சே!"

சொல்தா தாத்தா "ஷான்ஸ், ஷான்ஸ்" என்று தலையாட்டினார். பிரெஞ்சில் அது அதிர்ஷ்டம். அண்ணி பெருமையோடு அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். மச்சம் வந்த கொஞ்ச நாளில்தான் இந்த வரன் வந்ததாம். அண்ணனுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது, அவர் எந்தக் கடலைத் தாண்டப் போகிறார்? அப்பன் காலில் மச்சம் விழுந்த பலன் மகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். வீடியோக்காரர் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். எல்லாரும் சிரித்தார்கள், நாதஸ்வரம் முழங்கியது, நான் செம்பைச் சாய்க்காமல் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி என்னைப் பார்த்து, "பாப்பா, தண்ணி ஊத்து" என்றார். ஊற்றினேன்.

இத்தனை வருஷத்தில் நான் அண்ணனின் உள்ளங்காலைப் பார்த்ததில்லை. யார் பார்த்திருப்பார்கள்? தீபாவளிக்கு அவர் காலில் விழுந்திருக்கிறேன், பொங்கலுக்கு விழுந்திருக்கிறேன். அப்போதெல்லாம் உள்ளங்கால் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நம்மில் யாரும் உள்ளங்காலை இன்னொருவர் முகத்துக்கு நேராகக் காட்டுவதும் இல்லை. ஊரில் எல்லார் தோலையும் கேட்காமலே பார்க்கிற என் கண்ணுக்கு எட்டாத ஒரே இடம் அதுதான்.

சாப்பாடு முடிந்ததும் அவரை மணப்பெண் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்காரவைத்து, கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். வலது குதிகால், உள்பக்க ஓரம். பழைய ஐந்து ரூபாய்க் காசை விடப் பெரிது. ஒரு பாதி மறுபாதியைப்போல் இல்லை. ஓரம் ஒரு பக்கம் கோடு மாதிரி, மறுபக்கம் கழிமுகம் மாதிரி உள்ளே வெளியே போய் வந்தது. நிறம் ஒன்றல்ல. பழுப்பு, கறுப்பு, ஒரு மூலையில் நீலம் பாய்ந்த சாம்பல். முழுதும் தட்டை, நடுவில் மட்டும் உளுந்து அளவுக்கு ஒரு மேடு.

"இன்னைக்கு எனக்குப் பொண்ணு கல்யாணம். நீ இன்னாடான்னா காலத் தூக்கிப் புடிச்சிக்கினு இருக்குற" என்றார் அண்ணன்.

"திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்கு வாண்ணா."

"பாக்கலாம், பாக்கலாம்."

நான் பெயர் சொல்லவில்லை. ஆனால் இங்கே சொல்லிவிடுகிறேன், படிப்பவர்களை ஏன் தவிக்கவிட வேண்டும்? மெலனோமா என்று எங்கள் புத்தகங்களில் பெயர். தோலில் வரும் புற்றுகளில் மோசமானது. நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கு அது அபூர்வம். வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோதான் வந்து உட்காரும், யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து. சீக்கிரம் வெட்டி எடுத்தால் ஆளைக் காப்பாற்றிவிடலாம். ஆழமாக உள்ளே இறங்கிவிட்டால் கஷ்டம். கல்யாண அறையின் மல்லிகை வாசத்தில் நின்றுகொண்டு நான் எனக்கே இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. மூன்றாவது தடவை நானே மார்க்கெட்டுக்குப் போய்க் கடை நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வந்தவர்களெல்லாம் என்னிடம் "தலைவாழை இருக்காம்மா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நானும் இருக்கு, இல்லை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வியாபாரத்தைக் குழப்பினேன். மதியத்துக்குள் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயே, வரேன். நீ மொதல்ல கடைய விட்டு எழுந்திரு."

என் அறையில் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, வெளிச்சம் வைத்த லென்ஸைக் குதிகாலில் பதித்தேன். உள்ளங்கால் தோல் மேடும் பள்ளமுமாக வரி ஓடியிருக்கும், விரல் ரேகைபோல. வெறும் கண்ணுக்கு அவ்வளவு தெரியாது, லென்ஸில் உழுத நிலமாக விரியும். சாதுவான மச்சம் என்றால் கறுப்பு பள்ளங்களில் ஓடும். மேடு வெளுத்திருக்கும். கெட்டதென்றால் தலைகீழ். இதைத்தான் பார்க்க வேண்டும், இதைப் பார்க்கத்தான் பயந்துகொண்டிருந்தேன். மச்சத்தைச் சுற்றிலும் வாழைக்கறை பள்ளங்களில் இழை இழையாகத் தங்கியிருந்தது. லென்ஸை மெதுவாக நகர்த்தினேன். மச்சத்தின் ஓரம் வந்ததும் நிலம் மாறியது. பள்ளங்கள் வெளுத்துக் கிடந்தன. கறுப்பு மேடுகளில் ஏறி நின்றது.

"இன்னா பாப்பா, உள்ள எறங்கிட்டியா?" என்றார், நான் அவ்வளவு நேரம் நிமிராததைப் பார்த்து.

படம் எடுத்துக் கையில் கொடுத்தேன். அவரும் சாவகாசமாகப் பார்த்தார். நிலத்தில் நின்ற ஆள் அல்லவா, வரிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். "இது கறை. பள்ளத்துல நிக்குது. சரி. இது ஏன் மேட்டுல நிக்குது?"

"அதாண்ணா எனக்குப் புடிக்கல."

படத்தை இன்னும் கிட்டே வைத்துப் பார்த்தார். "மேல இருந்து பாய்ச்சின தண்ணி பள்ளத்துலதான் நிக்கும். பள்ளம் காஞ்சி கெடக்க மேட்டுல ஈரம் கண்டா, அது மேல இருந்து வந்தது இல்ல பாப்பா. கீழ ஊத்து இருக்குது."

 எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. சொல்லாமலே புரிந்துகொண்டார், இனி வேலை சுலபம் என்று நினைத்தேன். இன்றைக்கே ஓரத்தில் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம், அடுத்த வாரம் முழுதாக வெட்டி எடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே, மரத்துப்போக வைக்கும் ஊசியைத் தேடினேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். "இப்ப வேணாம். பொண்ணு பிளேன் ஏறிப் போவட்டும். அப்பறம் நீ காலையே எடுத்தாலும் கேக்க மாட்டேன்."

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை ஊர் திரும்பிவிட்டான். கல்யாணத்தைப் பிரெஞ்சுத் தூதரகத்தில் பதிந்து, அதற்குப் பிறகு விசா வந்து, அதற்குப் பிறகுதான் பெண் போக முடியும். எல்லா வீட்டிலும் ஆகிற காலம்தான் எங்கள் வீட்டிலும் ஆகும். மாதக்கணக்கு. அத்தனை மாதம் அந்தக் குதிகாலை வைத்துக்கொண்டிருக்கப் போகிறாராம்.

"அண்ணா, மச்சம் உன் கால்ல இருக்குது. விசா அவ பாஸ்போர்ட்டுல வரப்போவுது. ரெண்டுக்கும் இன்னா சம்மந்தம்?"

"இது புள்ளியா இருந்தப்ப ஜாதகம் கேட்டாங்க. கொஞ்சம் பெருசானப்ப நிச்சயம் ஆச்சி. இன்னும் பெருசாச்சி, கல்யாணம் நடந்துச்சி. இது வளர வளரத்தான் ஒவ்வொண்ணா நடந்துச்சி. பாதியில அறுத்தா பாதியில நிக்கும்."

"கீழ ஊத்து இருக்குன்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். யாரு இல்லன்னா?"

நான் கத்திவிட்டேன். என்னென்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. முட்டாள் என்றேன், சாகப்போகிறாயா என்றேன். வெளியில் வரிசையில் நின்றவர்கள் கதவை விலக்கி எட்டிப் பார்த்தார்கள். அண்ணனுக்கு என்மேல் கோபமே வரவில்லை. "நீ படிச்சவ, உனக்குப் பைத்தியக்காரத்தனமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அறியாமையில் ஒருவர் மறுத்தால் எடுத்துச் சொல்லலாம். தெரிந்தே காலடியில் வைத்துக் காக்கிறவரிடம் எதைச் சொல்வது?

அண்ணியிடம் போய் அழுதேன். அவர் எனக்கு முன்பே அழுது முடித்திருந்தார். "நானும் கெஞ்சிப் பாத்துட்டேன் பாப்பா. புள்ள காதுல போட்டா அவ போவமாட்டா, அவ வாழ்க்கைய நீங்க ரெண்டு பேரும்தான் கெடுத்தீங்கன்னு ஆயிடும்னு சொல்றாரு. நான் இன்னா செய்யறது?" கல்யாணத்தில் அந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னவரும் அவர்தான். அதை நினைத்து நினைத்தே அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

அப்புறம் மழைக்காலம் வந்தது. வாரம் ஒரு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்குப் போவேன். இலைக்கட்டுகளுக்குப் பின்னால் அவர் காலை நீட்டுவார், நான் படம் எடுத்துக்கொள்வேன். வெட்டவிடமாட்டாரே தவிர, பார்ப்பதை மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து போன வாரத்துப் படத்தையும் இந்த வாரத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஓரம் நகர்ந்துகொண்டே இருந்தது, கரையை அரிக்கிற குருசுக்குப்பத்துக் கடல்போல. குதிகாலின் வளைவைத் தாண்டியது. அதே நேரத்தில் மகளின் காரியமும் நகர்ந்தது. கல்யாணப் பதிவு முடிந்தது, விசாவுக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு செய்தியையும் அண்ணன் என்னிடம் சொல்லும்போது அவர் பார்வை ஒரு கணம் கீழே போய் வரும். எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. அவர் சொல்வதுபோல் நடக்கிறதே என்று ஒரு கெட்ட நினைப்பு வந்தது. பத்து வருஷம் படித்ததெல்லாம் அந்த நினைப்புக்கு முன்னால் நிற்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் ஆத்திரம்தான்.

ஒரு மதியம் கடைக்குள் நுழைந்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது. இலைகள் இருந்தன, கல்லா இருந்தது, அண்ணன் கணக்காக நறுக்கிக்கொண்டிருந்தார். பிறகுதான் பார்த்தேன். கடைக்குள் அவர் காலில் செருப்பு இருந்தது.

"இன்னாண்ணா செருப்பு?"

"தரை ஈரமா இருக்குது."

அந்தத் தரை என்றைக்குக் காய்ந்திருந்தது? அவரை இலைக்கட்டின் மேல் உட்காரவைத்துச் செருப்பைக் கழற்றினேன். குதிகாலுக்கு மெத்தையாகப் பஞ்சும், பஞ்சு ஒட்டாமலிருக்க ஒரு குருத்து இலைத் துண்டும் மடித்து வைத்திருந்தார். எடுத்ததும் இலையில் சிவப்பு ஒட்டியிருந்தது. உளுந்தாக இருந்த மேடு பட்டாணியாகி, தலை உடைந்து ஈரமாக இருந்தது. தொட்டால் கசிந்தது.

கடையின் பின்பக்கம் சாக்கு மறைப்புக்குள் கூட்டிப்போய்த் தொடையிடுக்கை அமுக்கிப் பார்த்தேன். காலில் முள் குத்தினாலோ புண் வந்தாலோ அங்கே நெறி கட்டும், எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த நெறி தொட்டால் வலிக்கும், நாலு நாளில் வடிந்துவிடும். அதற்கு நான் பயப்படமாட்டேன். வலி இல்லாமல், கூழாங்கல் மாதிரி, அமுக்கினால் நகராமல் ஒன்று இருந்தால்தான் பயம். புற்று காலை விட்டு மேலே ஏறிவிட்டது என்று அதற்கு அர்த்தம். விரலை மாற்றி மாற்றி அமுக்கினேன். ஒன்றும் இல்லை. எனக்கு அங்கேயே கண்ணீர் வந்துவிட்டது.

"இன்னும் நேரம் இருக்குதுண்ணா. கடைசியா சொல்றேன். இந்த மாசம் முடியறதுக்குள்ள நீ வரல, நானே அவகிட்ட சொல்லிடுவேன்."

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டார். "சொல்லு. அவ இங்கயே கெடப்பா, என் காலப் பாத்துக்கினு. அதுக்கா இவ்ளோ நாள் நின்னேன்?"

மாதக் கடைசியில் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வது, எதில் தொடங்குவது என்று ஆட்டோவில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். வாசலில் இறங்குவதற்குள் பெண் ஓடிவந்து என் வாயில் லட்டைத் திணித்தாள். "அத்தை, விசா வந்துடுச்சி! அடுத்த வாரம் டிக்கெட்டு!" அவள் தோளுக்குப் பின்னால், கூடத்து நாற்காலியில், அண்ணன் காலை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரீட்சையில் பாஸான பையன் மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். இத்தனை மாதம் போனது, இன்னும் ஒரு வாரம்தானே என்று நினைத்துக்கொண்டு லட்டை விழுங்கினேன். 

அவள் புறப்பட்ட அன்று வேன் வாசலில் நின்றது. அண்ணன் புதுக் கறுப்பு ஷூ போட்டிருந்தார். வாழ்க்கையில் அவர் ஷூ போட்டு நான் பார்த்ததில்லை. வேட்டிக்குக் கீழே அது பொருந்தாமல் தெரிந்தது. எதற்கென்று எனக்கும் அண்ணிக்கும் மட்டும் தெரியும். செருப்பில் கசிவு தெரிந்துவிடும்.

பெண் காலில் விழுந்து ஷூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இன்னாப்பா இது! பிரான்ஸ் போறது நீயா, நானா?"

தெருவே சிரித்தது. அண்ணன்தான் எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தார். சென்னைக்குக் கூடப் போகவில்லை, கடையைப் பார்க்க ஆளில்லை என்று சொல்லிவிட்டார். வேன் தெருக்கோடி திரும்பிக் காலாப்பட்டு ரோட்டைப் பிடிக்கிறவரை கையை ஆட்டிக்கொண்டே நின்றார். திரும்பியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். முழு பாரத்தையும் என்மேல் போட்டார். "நாளைக்கு வரேன் பாப்பா" என்றார்.

சொன்னபடி மறுநாள் காலையில் அண்ணியோடு வந்தார். கட்டிலில் படுத்தார், ஆனால் கைபேசியைக் கையை விட்டு வைக்கவில்லை. "அவ எறங்கட்டும். நடுவானத்துல இருக்கும்போது கத்தி வைக்காத." நான் வாதாடவில்லை. காத்திருக்கிற நேரத்தில் பார்க்க வேண்டியதைப் பார்க்கலாம் என்று ஷூவைக் கழற்றினேன். பக்கத்தில் நின்ற ஜூனியர் டாக்டரிடம் வழக்கம்போலப் பார்த்ததை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன். வலது குதிகால், உள்பக்க ஓரம், பாதத்தின் குழிவு வரை. நிறம் பல. ஓரம் ஒழுங்கில்லை. நடுவில் மேடு, மேல் தோல் உடைந்திருக்கிறது, கசிகிறது. சொல்லிக்கொண்டே கையை மேலே கொண்டுபோய்த் தொடையிடுக்கில் வைத்தேன்.

விரல் கெட்டியாக ஒன்றில் முட்டியது, மறுபடி அமுக்கினேன். ஜூனியர் பேனாவோடு என்னைப் பார்த்தாள்.

"வலிக்குதாண்ணா?"

"இல்லியே. நீ அமுக்கறதே தெரியல" என்றார் அண்ணன். "நல்லதுதான?"

கைபேசி அடித்தது. அவர் அவசரமாக எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். திரையில் அவள், கழுத்துவரை கம்பளிச் சட்டை, பின்னால் விமான நிலையக் கண்ணாடி, மாப்பிள்ளையின் தோள்.

"அப்பா, எறங்கிட்டேன்! இன்னா குளுரு தெரியுமா இங்க!"

"கால் தரையில பட்டுச்சா?"

"பின்ன பறந்துக்கினா வருவேன்? இன்னாப்பா கேள்வி இது? எங்க இருக்க, கடையிலயா?"

"ஆமா, கடையிலதான். சாப்பிடு, நல்லா போத்திக்க, அப்பறம் பேசு" என்று சொல்லி வைத்துவிட்டார். கைபேசியை மார்பின் மேல் கவிழ்த்துவிட்டு ஒரு பெரிய மூச்சு விட்டார். அத்தனை மாதத்தில் அவர் உடம்பு அப்படித் தளர்ந்து நான் பார்க்கவில்லை. காலை அவரே நீட்டிக் கொடுத்தார்.

"சரி பாப்பா. இப்ப அறுத்துக்க. அதோட வேல முடிஞ்சிடுச்சி."

என் விரல்கள் இன்னும் அந்தக் கூழாங்கல்லின் மேல்தான் இருந்தன. அமுக்கினேன், நகரவில்லை. கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஊசியை எடுத்துத் தரச் சொல்லி ஜூனியரிடம் கையை நீட்டினேன்.